கண்ணொளி இழந்த இசைமேதை ஜோர்ஜ் பிரெடெரிக் ஹாண்டெல்

விம்பிள்டனில் வசிக்கும் எனது நண்பர் ஒருவருக்கு வருகின்ற வியாழக்கிழமை கண்ணிலே சத்திரசிகிச்சை நடைபெறவிருக்கிறது. கண்புரை நீக்குவது இன்று பெரிய விடயமன்று. காலையில் வைத்தியசாலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகிறவர்கள் நம்மவரிடையே ஏராளம். ஆனால் நண்பரின் நிலை வேறு. அவருடைய இடது கண் நீரிழிவினால் பல வருடங்களுக்கு முன்னரே பயனற்றுப் போயிற்று. எஞ்சியிருக்கும் வலது கண்ணிலேதான் இப்பொழுது கருவி படவுள்ளது. அதே நீரிழிவு இக்கண்ணின் விழித்திரையையும் தொட்டிருப்பதனால், முடிவு எப்படியிருக்கும் என்று வைத்தியர்கள் உறுதி கூறவில்லை. ஊரிலே அச்சகமொன்றில் எழுத்துக் கோத்தவர் அவர். புலம்பெயர்ந்த பின்னர் எரிபொருள் நிலையத்திலே இரவு வேலை செய்துகொண்டே தமிழ் ஏடுகளுக்கு மெய்ப்புப் பார்த்தவர். எனது கட்டுரைகளில் அவர் திருத்திய சந்திப் பிழைகளை எண்ணினால் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளனாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கும்.

நண்பர் கிறித்தவர். யாழ்ப்பாணத்திலே சிறுவனாக இருந்த நாள் தொட்டுத் தேவாலயப் பாடகர் குழுவிலே பாடி வருகிறவர். விம்பிள்டன் பிராட்வேக்கு அண்மையிலுள்ள தேவாலயமொன்றின் குழுவில் இப்பொழுதும் ஆண்களின் கீழ்க்குரல் வரிசையிலே நிற்கிறார். சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டதை அறிந்து அவரைப் பார்க்கச் சென்ற நான், ஆறுதலாக என்ன சொல்வதென்று தெரியாது தடுமாறினேன். எஃபரா வீதியிலே 1981ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் கணபதி கோவிலில் அவர் பெயருக்கு ஓர் அருச்சனை செய்விக்கப் போய், நட்சத்திரம் கேட்ட குருக்களுக்கு விடை கூறத் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். நண்பர் சிரித்தபடியே பிரசாதத்தை வாங்கி உண்டார். பின்னர், தமது குழுவின் ஒத்திகைக்கு ஒருநாள் வந்து பின்வாங்கிலே இருந்து கேட்டால் போதும் என்றார்.

சென்றேன். அன்று அவர்கள் பயின்றது ஹாண்டெல் என்பார் இயற்றிய ‘மெசையா’ என்னும் பக்திப் பேரிசையின் பகுதிகள். நமது கோவில்களிலே பலர் சேர்ந்து பாடும்போது எல்லோரும் ஒரே பண்ணை ஒரே நெறியிற் பாடுகிறோம். இங்கோ பெண்களின் மேற்குரல் ஒரு சொற்றொடரை எடுத்து முன்னே செல்ல, சற்றுப் பிந்தி வேறொரு குரல் அதே தொடரைப் பற்றிக்கொண்டு பின்தொடர, மூன்றாவதும் நான்காவதும் வெவ்வேறு வாயில்களினால் நுழைந்து, ஒன்றையொன்று மோதாமல் ஓரிடத்திலே கூடி நிற்கின்றன. நண்பர் கையிலே பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்று விரிந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமைக்குப் பின்னர் என்ன நேருமோ என்று தமது பகுதி முழுவதையும் மூன்று மாதமாக மனனம் செய்து முடித்திருக்கிறார். வீடு திரும்பும் வழியிலேதான், இதை இயற்றியவரும் கண்ணிலே ஊசி ஏற்றவர் என்றும், பார்வை திரும்பாமலே இறந்தவர் என்றும் அவர் எனக்குச் சொன்னார். பெயரை மட்டுமே அறிந்திருந்த எனக்கு வரலாறு தெரியாது. அதன் பிறகு தேடிப் படித்தவற்றையே இங்கு தருகிறேன்.

ஜோர்ஜ் பிரெடெரிக் ஹாண்டெல் 1685ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள், இன்று ஜேர்மனியில் உள்ள ஹாலே நகரிலே பிறந்தார். தந்தையார் சவரத் தொழிலும் சத்திர வைத்தியமும் ஒருங்கே செய்தவர். கத்தியைக் கையாளத் தெரிந்தவரே காயத்தையும் அறுத்துக் கட்டிய காலம் அது. நம்மூரிலும் பரிகாரி என்ற ஒரே சொல் வைத்தியரையும் சவரத் தொழிலாளரையும் குறித்து வந்தமையை மூத்த வாசகர்கள் அறிவர். மகன் பிறந்தபோது தந்தைக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. அரச குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கும் அளவுக்கு உயர்ந்திருந்த அவர், மகன் சட்டம் பயின்று நிலையான உத்தியோகம் பெறவேண்டும் என விரும்பினார். இசைக் கருவிகளை வீட்டுக்குள் விடவே அவர் சம்மதிக்கவில்லையென்றும், சிறுவன் ஒரு சிறிய விசைக் கருவியைக் கூரையடி அறைக்குக் கடத்திச் சென்று எல்லோரும் உறங்கிய பின்னர் வாசித்தானென்றும் ஒரு கதை உண்டு. ஹாண்டெல் மறைந்து ஓராண்டின் பின் 1760இலே மெயின்வாரிங் என்னும் குருவானவர் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலே இது காணப்படுகிறது. நம்பலாம், நம்பாமலும் விடலாம். பிள்ளையை வைத்தியராக்கவோ கணக்காளராக்கவோ துடிக்கும் பெற்றோர் நிறைந்த நமது சமூகத்தில் இக்கதை எளிதில் விளங்கும்.

வைசன்பெல்ஸ் அரண்மனையிலே சிறுவன் ஓர்கன் வாசித்ததைக் கேட்ட சிற்றரசர், இப்பிள்ளைக்கு இசை கற்பியாமல் விடுவது தகாது என்று தந்தைக்கு எடுத்துரைத்தார். அதன் பயனாக ஹாலேயின் தேவாலய இசைஞர் சாஹோவ் என்பாரிடம் முறையான கல்வி கிடைத்தது. பன்னிரண்டு வயது நிறையுமுன் தந்தை காலமானார். 1702இலே மகன் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்துகொண்டார். அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டு ஹம்பேர்க் நகரின் நாடக அரங்குக்குச் சென்றுவிட்டார். அங்கே இசைத் தோழர் ஒருவருடன் சண்டை முற்றி வாளெடுத்துப் பொருத வேண்டியதாயிற்று. எதிராளியின் வாள் ஒரு பெரிய உலோகப் பொத்தானிலே பட்டு முறிந்ததனால் உயிர் தப்பினார் என்பர். பின்னர் இத்தாலியில் நான்கு ஆண்டுகள். 1707இலே உரோமாபுரியில், லூதரன் சபையிற் பிறந்த இந்த இளைஞர், கத்தோலிக்க வழிபாட்டுக்குரிய இலத்தீன் சங்கீதமொன்றுக்கு இசையமைத்தார். அன்று அவருக்கு வயது இருபத்திரண்டு. பல குரல்கள் ஒன்றையொன்று துரத்தி எழும் அந்தக் கூட்டிசையிலே பின்னாளைய ஹாண்டெலை முன்கூட்டியே கேட்கலாம்.

1710ஆம் ஆண்டின் இறுதியிலே அவர் லண்டன் வந்து சேர்ந்தார். 1711 பெப்ரவரியில் ‘ரினால்டோ’ என்ற இத்தாலிய இசைநாடகம் அரங்கேறிப் பெரும் புகழ் ஈட்டியது. ஹனோவர் சிற்றரசரின் இசைப் பணியில் இருந்தவர் விடுப்புப் பெற்று மீண்டும் லண்டன் வந்து, குறித்த காலத்தில் திரும்பாமல் தங்கிவிட்டார். 1714இலே அந்த ஹனோவர் சிற்றரசரே இங்கிலாந்தின் அரசராக வந்தார். ஓடிவந்தவரைத் தேடி எசமானே வந்து சேர்ந்தது போன்ற இந்த நிலைமையிலே ஹாண்டெல் நடுங்கினார் என்று பலர் எழுதியுள்ளனர். உண்மையில் புதிய அரசர் அவருடைய உதவித்தொகையை நிறுத்தவில்லை, உயர்த்தவே செய்தார்.

1723 முதல் புரூக் வீதியிலே ஒரு வீட்டில் குடியிருந்தார். சாகும்வரை அதே வாடகை வீடுதான். 1727 பெப்ரவரியிலே, நாட்டுக்கு வந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னர், நாடாளுமன்றச் சட்டமொன்றின் மூலம் பிரித்தானியப் பிரசையானார். அந்நாளிலே பிரசாவுரிமை விரும்புகிறவர் இங்கிலாந்துத் திருச்சபையின் நற்கருணையைப் பெறவேண்டும், சத்தியப்பிரமாணமும் செய்யவேண்டும். ஹாண்டெல் பிரபுக்கள் சபையிலே நேரில் நின்று பிரமாணம் செய்தார். உள்நாட்டலுவலகத்தின் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு இதிலே ஆறுதல் உண்டோ எரிச்சல் உண்டோ நானறியேன். அதே ஆண்டு ஒக்டோபரிலே இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு நான்கு கீதங்களை அவர் இயற்றினார். அவற்றுள் ‘சாடொக் என்னும் குரு’ என்ற கீதம் அன்று தொடக்கம் 2023இல் மூன்றாம் சாள்ஸ் மன்னர் முடிசூடிய நாள் வரை ஒவ்வொரு முடிசூட்டு விழாவிலும் பாடப்பட்டு வந்துள்ளது. இங்கிலாந்தின் அரச கீதங்களிலே மிகவும் ஆங்கிலத்தன்மை வாய்ந்ததாகக் கருதப்படும் ஒன்றை, இறுதிவரை வெளிநாட்டு உச்சரிப்பு நீங்காமலும் பல மொழிகளைக் கலந்தும் பேசிய ஒரு குடியேறி இயற்றியிருக்கிறார்.

இத்தாலிய இசைநாடகங்களை நடத்திய முப்பதாண்டுக் கதையை நான் விரிக்கப்போவதில்லை. பாடகிகளின் போட்டியும் பிரபுக்களின் கட்சிச் சண்டையும் பணமுடையுமாக அது கழிந்தது. முன்கோபியான ஹாண்டெல், தாம் எழுதிய பாடலைப் பாட மறுத்த புகழ்பெற்ற பாடகி ஒருத்தியைச் சாளரத்தினூடாக வெளியே எறிந்துவிடுவதாக மிரட்டினார் என்ற ஒரு செய்தி போதும். 1737 வசந்தத்திலே உடல் முறிந்தது. பாரிசவாதம் போன்ற நோய் தாக்கி வலது கை செயலிழந்தது. ஆஹன் நகரின் வெந்நீரூற்றுகளிலே பல வாரம் கிடந்து, ஆச்சரியப்படும் விதத்திலே குணமடைந்து திரும்பினார். அடுத்த ஆண்டு, வறுமையுற்ற இசைக் கலைஞர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் உதவுவதற்கென ஒரு நிதியம் லண்டனில் உருவானபோது அதைத் தொடக்கியவர்களுள் ஒருவராக அவரும் நின்றார். நோய்ப்படுக்கை கற்பித்த பாடமோ அன்றித் தமது தொழிலின் நிலையாமையைக் கண்ட பயமோ, எதுவாயினும் அந்நிதியத்தை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

1741 கோடையிலே சாள்ஸ் ஜென்னன்ஸ் என்ற செல்வந்தர் வேதாகமத்தின் பல நூல்களிலிருந்து வசனங்களைத் தெரிந்து தொகுத்துக் கொடுத்த ஏட்டை ஹாண்டெல் கையிலெடுத்தார். ஓகஸ்ற் 22இலே தொடங்கி செப்ரெம்பர் 14இலே முடித்தார். இருபத்து நான்கு நாட்கள். அதுவே ‘மெசையா’. நாடகப் பாத்திரம் எதுவும் அதிலே இல்லை. முன்னறிவிப்பு, பிறப்பு, பாடு, மரணம், உயிர்த்தெழுதல் என்ற வரிசையிலே தனிக்குரல்களும் கூட்டுக்குரல்களும் மாறி மாறி வருகின்றன. அதில் மக்கட் கூட்டமாக நிற்பது பாடகர் குழுவே. வழிதவறிய ஆடுகளாக அலைவதும், நிந்திப்பதும், பின்னர் வாழ்த்துவதும் அதுவே. நண்பர் இதைத்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். தனியே பாடுகிறவனுக்குத் தன் குரல் நடுங்கினால் பாடல் நின்றுவிடும். குழுவில் நிற்கிறவனுக்கு மூச்சு முட்டும் வேளையிலே பக்கத்திலே நிற்பவர் பாடிக்கொண்டிருப்பார். அவன் மூச்செடுத்துக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

அவ்வாண்டு குளிர்காலத்தில் ஹாண்டெல் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்குச் சென்றார். 1742 ஏப்ரல் 13ஆம் நாள், ஃபிஷம்பிள் வீதியிலிருந்த புதிய இசை மண்டபத்திலே ‘மெசையா’ முதன்முதலாகப் பாடப்பட்டது. நெரிசல் மிகும் என்பதனால் பெண்கள் வளையம் வைத்த பாவாடை அணியாமலும் ஆண்கள் வாள் தரியாமலும் வரும்படி முன்கூட்டியே பத்திரிகையில் வேண்டிக்கொண்டனர். ஏறத்தாழ எழுநூறு பேர் திரண்டனர். பாடியவர்கள் நகரின் இரு பேராலயங்களின் குழுவினர். வருமானம் மூன்று சம பங்காகப் பிரிக்கப்பட்டது. ஒரு பங்கு கடனுக்காகச் சிறையில் வாடியோரை மீட்பதற்கு. மற்ற இரண்டும் வைத்தியசாலைகளுக்கு. ஒன்று மேசர்ஸ் வைத்தியசாலை. மற்றையது 1718இலே ஆறு சத்திரவைத்தியர்கள் சேர்ந்து ஏழைகளுக்காகத் தொடங்கிய தரும வைத்தியசாலை. அன்று கிடைத்தது சுமார் 400 பவுண். ஒவ்வொரு பங்கும் 127 பவுண் வரையாயிற்று. கடனாளிகள் 142 பேர் விடுதலை பெற்றனர். சிறைக்கதவு திறந்து வெளியே வந்த அந்த 142 பேரில் ஒருவராவது அந்த இசையைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

அன்று தனிக்குரலிலே பாடிய சுசானா சிபர் என்ற நடிகை, குடும்ப வழக்கொன்றிலே பெயர் கெட்டு லண்டனை விட்டு ஒதுங்கியிருந்தவர். நிந்திக்கப்பட்டுக் கைவிடப்பட்ட ஒருவரைப் பற்றிய பகுதியை அவர் பாடக் கேட்டுக்கொண்டிருந்த குருவானவர் ஒருவர் எழுந்து, இதன்பொருட்டு அவளுடைய பாவமெல்லாம் மன்னிக்கப்படட்டும் என்று கூவினாராம். லண்டனிலோ 1743இலே வரவேற்பு குளிர்ந்துதான் இருந்தது. புனிதமான வேத வசனங்களை நாடக மேடையிலே, நடிகைகளின் வாயினாற் பாடுவிப்பதா என்று சிலர் கொதித்தனர். வாழ்த்துக் கூட்டிசை பாடப்படும்போது அரசர் எழுந்து நின்றார் என்றும் அதனாலேயே இன்றும் சபையோர் எழுந்து நிற்கிறார்கள் என்றும் சொல்வது வழக்கம். அக்காலச் சான்று எதுவும் அதற்கு இல்லை. எழுந்து நிற்கும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

‘மெசையா’வை லண்டன் மக்களின் நெஞ்சிலே பதித்தது ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லமாகும். தோமஸ் கோரம் என்ற முதிய கப்பற்றலைவர், வீதியோரங்களிலே கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தைகளைக் கண்டு மனம் பொறாது பதினேழு ஆண்டுகள் முயன்று 1739இலே அரச சாசனம் பெற்று இதை நிறுவினார். இடமோ குறைவு, கொண்டுவரும் தாய்மாரோ அதிகம். ஆகையால் ஒரு பையிலே நிறப் பந்துகளை இட்டு, ஒவ்வொரு தாயும் கைவிட்டு ஒன்றை எடுக்கவேண்டும் என்று விதித்தார்கள். வெள்ளைப் பந்து வந்தால் பிள்ளை ஏற்கப்படும். கறுப்பு வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பவேண்டியதுதான். சிவப்பு வந்தால் காத்திருக்கலாம். பிற்காலத்திலே பிள்ளையை அடையாளங் காணும்பொருட்டு ஒரு துண்டுத் துணியையோ, பாதியாக வெட்டிய நாணயத்தையோ தாய்மார் விட்டுச் சென்றனர். அவற்றிற் சிலவற்றை இன்றும் பிறன்ஸ்விக் சதுக்கத்திலுள்ள நூதனசாலையிலே காணலாம். விம்பிள்டனிலிருந்து டிஸ்ரிக்ற் பாதையில் ஏறி ஏள்ஸ் கோட்டிலே மாறினால் ரசல் சதுக்கத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடக்கவேண்டும். பிள்ளையை யாரிடமாவது ஒப்படைத்து விமானம் ஏற்றிவிட்ட தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை அங்கே அழைத்துச் செல்ல எனக்குத் துணிவில்லை.

ஹாண்டெல் அந்த இல்லத்துக்கென 1749 மே மாதத்திலே ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார். அதன் கோவிலுக்கு ஓர் ஓர்கனை அன்பளிப்புச் செய்து, 1750 மே 1ஆம் நாள் ‘மெசையா’வைப் பாடுவித்தார். இடமின்றித் திரும்பியோருக்காக அதே மாதம் மீண்டும் நடத்தினார். அவரை இல்லத்தின் ஆளுநர்களுள் ஒருவராகத் தெரிந்தெடுத்தார்கள். அதுமுதல் ஆண்டுதோறும் அங்கே அது பாடப்பட்டு வந்தது. அவர் இறந்த பின்னரும் தொடர்ந்த இந்நிகழ்ச்சிகளால் இல்லத்துக்குக் கிட்டிய தொகை ஏறக்குறைய 7,000 பவுண். மூலப் பிரதியிலிருந்து பெயர்த்தெழுதிய தெளிவான படியொன்றையும் பாடகர்களுக்குரிய பகுதிகளையும் இல்லத்துக்கே தமது மரண சாசனத்தில் எழுதிவைத்தார்.

இந்த மனிதர் குறையில்லாதவரல்லர். ஆபிரிக்க மக்களை அடிமைகளாக விற்ற வாணிபத்தில் ஈடுபட்ட கம்பனிகளின் பங்குகளை அவர் வாங்கி வைத்திருந்தமை அண்மைக்கால ஆய்வுகளால் வெளிப்பட்டிருக்கிறது. கடனாளிகளையும் அநாதைகளையும் நினைத்தவருக்குக் கப்பலின் அடித்தளத்திலே சங்கிலியிட்டுக் கிடந்தவர்கள் நினைவில் எழவில்லை. அக்காலத்தவர் பலரும் அவ்வாறே இருந்தனர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நண்பரிடமும் இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, தாம் பாடுவதை நிறுத்தப்போவதில்லை, ஆனால் இதை அறிந்துகொண்டே பாடுவார் என்று மட்டும் கூறினார்.

இனி, அவரது கண்களுக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். 1751 தொடக்கத்திலே ‘ஜெப்தா’ என்ற பக்தி இசையை ஹாண்டெல் எழுதிக்கொண்டிருந்தார். போரிலே வென்றால் தன்னை முதலில் எதிர்கொள்ளும் உயிரைப் பலியிடுவதாக நேர்ந்துகொண்டு, எதிரே ஓடிவந்த சொந்த மகளைக் கண்டு திகைத்த தந்தையின் கதை அது. இறைவனின் தீர்ப்புகள் மனிதக் கண்ணுக்கு எவ்வளவு இருண்டு கிடக்கின்றன எனக் குழுவினர் பாடும் இடம் வந்தது. அந்த இடத்திலே, பெப்ரவரி 13ஆம் நாள், இடது கண் தளர்ந்துவிட்டதனால் மேலே தொடர இயலவில்லை என்று கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் ஜேர்மன் மொழியிலே குறித்து நிறுத்திவிட்டார். பத்து நாட்கள் கழித்துத் தமது அறுபத்தாறாவது பிறந்த நாளன்று சற்றுச் சுகமென்று எழுதித் தொடர்ந்தார். முடித்தபோது ஓகஸ்ற் மாதம் ஆகிவிட்டது. இருபத்து நான்கு நாளிலே ‘மெசையா’வை எழுதிய கை, இதற்கு ஏழு மாதம் எடுத்தது. அந்தப் பிரதி பிரித்தானிய நூலகத்திலே இருக்கிறது. அதன் பக்கங்களிலே இசைக் குறிகள் தம் கோடுகளை விட்டு விலகித் தடுமாறுவதைப் பார்க்கும்போது, சத்திரவைத்தியரின் மகனாகப் பிறந்தவரின் மனநிலையை ஊகிக்க முடிகிறது. கத்தி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைச் சிறு வயதிலேயே அறிந்தவர் அவர்.

கைஸ் வைத்தியசாலையின் சத்திரவைத்தியர் சாமுவேல் ஷார்ப் அவரது கண்களைப் பரிசோதித்தார். பின்னர் 1752 நவம்பர் 3ஆம் நாள், வேல்ஸ் இளவரசியின் சத்திரவைத்தியரான வில்லியம் புறொம்ஃபீல்ட் அவருக்குச் சிகிச்சை செய்தார். நம் நாட்டிலே சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய நூலிலும் சொல்லப்பட்டிருக்கும் முறைதான் அது. ஊசியைக் கண்ணுக்குள் செலுத்தி, மங்கிய வில்லையைப் பார்வையின் வழியிலிருந்து கீழே அமிழ்த்தித் தள்ளிவிடுவார்கள். மயக்க மருந்து கிடையாது. ஈதரைக் கொண்டு நோயாளியை உறங்க வைத்து அறுக்கலாம் என்று பொஸ்ரன் நகரிலே ஊரறியக் காட்டப்பட்டது 1846இலேதான். கிருமி நீக்கமும் கிடையாது. நோயாளியைக் கதிரையில் இருத்தி, பின்னால் ஒருவர் தலையை இறுகப் பிடித்துக்கொள்ள, விழித்த கண்ணிலே ஊசி இறங்கும். சில வாரங்கள் சற்றே ஒளி தெரிந்தது. 1753 சனவரியில் அவர் முற்றாகப் பார்வை இழந்தார் என்று லண்டன் பத்திரிகைகள் அறிவித்தன. அது கண்புரை தானா, அல்லது பார்வை நரம்புக்கு இரத்தம் தடைப்பட்டதனால் வந்த குருடா என்று இக்கால வைத்தியர்கள் ஐயுறுகின்றனர். பின்னையதாயின் எந்த ஊசியாலும் பயனிருந்திராது.

1758இலே ஜோன் ரெயிலர் என்ற ஊர்சுற்றிக் கண்வைத்தியரும் அவரைக் கண்டார் என்பர். ஐரோப்பா எங்கும் தன்னைத்தானே புகழ்ந்துகொண்டு திரிந்த பேர்வழி அவர். 1750 வசந்தத்திலே லைப்சிக் நகரில் யோகான் செபஸ்ரியான் பாக்கின் கண்களை இருமுறை குத்தியவரும் அவரே. பாக் அதன்பின் தேறவில்லை. அவ்வாண்டு யூலை 28இலே காலமானார். பாக்கும் ஹாண்டெலும் ஒரே ஆண்டில், அதிக தொலைவில்லாத இரு ஊர்களிலே பிறந்தவர்கள். வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

சுந்தரமூர்த்தி நாயனார் இரு கண்ணும் இழந்து பாடிப்பாடிச் சென்று, காஞ்சியிலே இடக்கண்ணையும் திருவாரூரிலே வலக்கண்ணையும் பெற்ற வரலாற்றை நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தோம். திருநாவுக்கரசருக்குச் சூலை தீர்ந்ததும் பாடலினாலேயே. ஆகவே, நோயுற்றவர் பாடினால் நோய் தீரும் என்ற எதிர்பார்ப்பு என் உள்ளத்திலும் எங்கோ இருந்திருக்க வேண்டும். ஹாண்டெலுடைய கதையில் அது நிகழவில்லை. அவருக்குக் கண் திரும்பவில்லை. அவர் செய்தது வேறு. முதிய நண்பர் ஒருவரின் மகனான இளைய சிமித் என்பாரை அருகில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சிகளை நடத்தினார். ஓர்கனை நினைவிலிருந்து வாசித்தார். நினைவு போதாத இடத்திலே மனம்போல இட்டுக்கட்டி வாசித்து, முடிந்ததும் வாத்தியக்காரருக்குச் சைகை காட்டினார். ‘சாம்சன்’ என்ற அவருடைய முந்திய படைப்பிலே, கண் பிடுங்கப்பட்ட வீரன் சூரியனும் சந்திரனும் தனக்கு இல்லையே என்று பாடும் கட்டம் உண்டு. அது பாடப்படும்போது ஓர்கன் அருகே அசையாமல் அமர்ந்திருந்த முதியவரைக் கண்டு சபையோர் கண்ணீர் விட்டதாகச் சொல்வர். எழுதிய காலத்தில் அவருக்கு நல்ல பார்வை இருந்தது.

1759 ஏப்ரல் 6ஆம் நாள் கொவன்ற் கார்டன் அரங்கிலே ‘மெசையா’ பாடப்பட்டபோது அவர் வந்திருந்தார். அதன்பின் படுக்கையினின்று எழவில்லை. பெரிய வெள்ளியன்று இறக்கவேண்டும் என விரும்பினார் என்கிறார்கள். மறுநாள் சனிக்கிழமை, ஏப்ரல் 14 காலை, புரூக் வீதி வீட்டிலே உயிர் பிரிந்தது. மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை. இசைக் கலைஞர் நிதியத்துக்கு 1,000 பவுண் எழுதிவைத்திருந்தார். எளிய முறையிலே அடக்கம் செய்யுமாறு கேட்டிருந்தும் வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்துக்குச் சுமார் மூவாயிரம் பேர் வந்து சேர்ந்தனர்.

நண்பருக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். சுசுருதர் முறையிலிருந்து இன்று வரை வந்த தூரத்தையும் சொன்னேன். போர் விமானிகளின் கண்ணுக்குள் சிதறிய கண்ணாடிப் பிளாஸ்ரிக் துகள்கள் அழற்சி விளைவிக்காமல் கிடப்பதைக் கவனித்த ஹரல்ட் றிட்லி என்ற வைத்தியர், அதே பொருளிலே வில்லை செய்து 1949 நவம்பரில் நோயாளியொருவரின் கண்ணுக்குள் பொருத்தினார். அது நடந்த இடமும் இதே லண்டன்தான், சென் தோமஸ் வைத்தியசாலை. வியாழக்கிழமை நண்பரின் கண்ணுக்குள் போகவிருப்பதும் அந்த வழியிலே வந்த ஒரு வில்லையே. மரத்துப்போகச் சில துளி மருந்து விடுவார்கள். அரை மணி நேரமும் ஆகாதாம். விழித்திருக்கும்போதே நடைபெறுமாம். பாட அனுமதிப்பார்களா என்று அவர் தாதியிடம் கேட்டிருக்கிறார். தலையை அசைக்காமல் இருக்கவேண்டும், ஆகவே மனத்துக்குள் பாடலாம் என்று விடை வந்ததாம். எந்தப் பகுதியை என்று கேட்டேன். கீழ்க்குரலுக்கு நீண்ட நேரம் ஓய்வு வரும் பகுதி ஒன்றை அவர் தெரிந்து வைத்திருக்கிறார். தமக்குரிய இடம் வரும்வரை மற்றவர்கள் பாடுவதை எண்ணிக்கொண்டிருக்கலாம் என்றார்.

மாலை நான்கு மணிக்கு நான் அவரை அழைத்துவரப் போகவேண்டும். கட்டு அவிழ்ப்பது மறுநாள் காலை.